ஊர் கேட்காத பத்து வரி

அது கேட்கவில்லை. பதினேழு நாளாக என் கோபமெல்லாம் இந்தக் கணினிமேல்தான். எந்த ஊருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மீனவர் சூசையின் தோள்பட்டை உடைந்திருக்காது, நானும் இப்படி நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருக்க மாட்டேன். மணி பத்து ஐந்து. பதினொன்றுக்கு வேதநாயகம் சார் வருவார், எங்கள் அலுவலகத் தலைவர், கூடவே சென்னைக் கம்பெனிக்காரர் நிரஞ்சன் வருவார். "நாளைக்குப் பதினோரு ஊருக்கும் என் கண்ணு முன்னால போடுங்க செலஸ்டீனா. அந்தத் தப்பு இனி வராதுன்னு எனக்கு நம்பிக்கை வந்தா நீங்களே பாருங்க. வரலைன்னா மறுநாள்லேருந்து கம்பெனி பாக்கட்டும், நீங்க தபால் பிரிவுக்குப் போயிருங்க" என்று நேற்று சொல்லிவிட்டுப் போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். தபால் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, பசை வாடை, ஒரு சின்ன ட்யூப்லைட், சன்னல் கிடையாது. இங்கே சன்னலைத் திறந்தால் உப்புக்காற்று மூஞ்சியில் அறையும், காகிதமெல்லாம் பறக்கும், பறந்தால் பறக்கட்டும். இருபத்திரண்டு வருடமாக இந்த அறை. வாசல் பலகையில் கடல் எச்சரிக்கைப் பிரிவு என்று பெரிதாக எழுதியிருக்கும், உள்ளே வந்து பார்த்தால் நானும் ஒரு கணினியும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும்தான். பதினோரு மீனவ ஊருக்கு, சாயங்காலம் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று கணித்து, என் குரலிலேயே பேசி அனுப்புவேன். கோயில் ஒலிபெருக்கியில் போடுவார்கள். என் முகம் தெரியாத ஊரில்கூட என் குரல் தெரியும். மார்க்கெட்டில் சீலா மீன் விலை கேட்டால் மீன்காரி நிமிர்ந்து பார்த்து, "கடல் சொல்லுத அக்காவா" என்கிறாள், விலையைக் குறைக்கவா செய்கிறாள், அது வேறு கதை.

கணினியில் ஒரு கருப்புச் சன்னல். ஷெல் என்பார்கள். ஒரு வரி அடித்தால் உடனே ஒரு பதில் சொல்லும், அடுத்த வரிக்குக் காத்திருக்கும். பேச்சுக்குப் பேச்சு. எனக்குப் பிடித்ததே அதுதான், வீட்டில் யார் அப்படிக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊருக்கும் பத்து வரி அடிக்க வேண்டும், கணிப்புக் கோப்பைத் திற, அலை உயரத்தை எடு, காற்றை எடு, நீரோட்டத்தை எடு, கூட்டு, கழி, கடைசி வரியில் எண்களைக் காட்டு. பதினோரு ஊருக்கு நூற்றுப்பத்து வரி. விரல் வீங்கிப்போகும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் நானாகவே தேடிக் கண்டுபிடித்தேன், அடித்த வரிகளுக்கெல்லாம் அது நம்பர் போட்டு வைத்திருக்கிறது, இத்தனாம் வரியிலிருந்து இத்தனாம் வரி வரைக்கும் இந்தப் பெயரில் வைத்துக்கொள் என்று சொன்னால் வைத்துக்கொள்ளும், பிறகு பெயரை மட்டும் அடித்தால் பத்து வரியையும் அதுவே மறுபடி ஓட்டும். மேக்ரோ. நான் வைத்த பெயர் அலை. தமிழிலேயே வைத்தேன், அது ஏற்றுக்கொண்டது, அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் பத்து வரியிலும் ஊர்ப்பெயர் உள்ளேயே ஊறிப்போய்க் கிடந்தது. சங்குமுனைக்கு என்று பதிந்தால் ஆயுசுக்கும் சங்குமுனைதான். அதனால் ஊர்ப்பெயரை வெளியே எடுத்தேன். முதலில் ஊர் = "சங்குமுனை" என்று ஒரு வரி. பிறகு அலை. அடுத்தது ஊர் = "புன்னையடி". பிறகு அலை. மேக்ரோ அந்த ஊர் என்ற பெயரைப் பார்க்கும், அதில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய கடலைச் சொல்லும். நூற்றுப்பத்து வரி இருபத்திரண்டு வரியாயிற்று. பிஎஸ்சி விலங்கியல் படித்துவிட்டு குமாஸ்தாவாக வந்தவள் நான், யாரும் சொல்லித் தரவில்லை. பெருமை இருக்கத்தானே செய்யும். அந்தப் பெருமையில்தான் ஓட்டை இருந்தது.

பதினேழு நாளைக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, பத்தாவதாகச் சங்குமுனையை முடித்தேன், ஒன்றேகால் மீட்டர், சாது. சங்குமுனைக்கு முன்னால் மணல்திட்டு மறைத்துக்கொண்டிருக்கிறது, அங்கே கடல் எப்போதும் அடக்கம். அடுத்தது, கடைசியாக, புன்னையடி. நாலு மைல்தான் தள்ளி, ஆனால் திறந்த கடல், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று நேராக வந்து மோதும். அப்போது போன். புன்னையடிக் கோயிலிலிருந்துதான், "யக்கா, இன்னும் வரலியே, பயலுவ படகத் தள்ளிட்டு நிக்கானுவ" என்றார்கள். இதோ இதோ என்று போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டே அலை என்று அடித்தேன். ஊரை மாற்றவில்லை. ஊர் என்ற பெயரில் சங்குமுனை அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்தக் கருப்புச் சன்னல், என்னோடு பேச்சுக்குப் பேச்சு பேசுகிற அதே சன்னல், வாயே திறக்காமல் சங்குமுனைக் கடலை இரண்டாம் தடவையாகக் கொண்டுவந்து கொடுத்தது. ஒன்றேகால் மீட்டர். எண்ணில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறதா. நான் என் வாயால் புன்னையடி என்று சொன்னேன், ஒன்றேகால் மீட்டர், போகலாம் என்று சொன்னேன், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னேன். உண்மையில் இரண்டே முக்கால். கரைக்குப் பக்கத்திலேயே ஃபைபர் படகு கவிழ்ந்தது. நாலு பேரும் நீந்தி வந்துவிட்டார்கள், மாதாவுக்கு ஸ்தோத்திரம், சூசைக்கு மட்டும் படகு தோளில் விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. மூன்றாம் நாள் கட்டோடு இந்த அறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார், தண்ணீர் கொடுத்தேன், குடித்தார், "யக்கா, அன்னைக்கு எங்களுக்கு யாரோட கடலத் தந்திய" என்று கேட்டார். சங்குமுனையோடது என்றேன். தலையை ஆட்டினார், போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. குழம்பு கொதிக்கும்போது கேட்கிறது, பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது கேட்கிறது, யாரோட கடலத் தந்திய, கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று கேட்டால் எனக்கு ஒரு நிமிஷம் ஊர்ப்பெயரே வரமாட்டேன் என்கிறது.

நேற்று நிரஞ்சன் வந்து என் பத்து வரியைப் படித்தார். முப்பது வயதிருக்கும், மரியாதையான பிள்ளை, குறை சொல்லக் கூடாது, ஆனால் படிக்கும்போது ஒரு புருவம் ஏறிக்கொண்டே போனது. "மேடம், மேக்ரோவுக்கு ஆர்க்யுமென்ட் கொடுக்க முடியாது. நீங்க அடிச்சத அப்படியே திருப்பி ஓட்டும், அவ்வளவுதான். ஊரை அது கையில கொடுத்தா வாங்கிக்காது" என்றார். வாங்காதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் போனதும் அலை என்று அடித்துப் பக்கத்தில் புன்னையடி என்று அடித்துப் பார்த்தேன். விளங்கவில்லை என்றது. அடைப்புக்குறிக்குள் புன்னையடியைப் போட்டுக் கொடுத்தேன். இது அப்படிக் கூப்பிடுகிற சாமான் இல்லை என்றது. மேற்கோள் குறி போட்டேன், கமா போட்டேன், கெஞ்சாத குறை. வாங்கவே இல்லை. அவர் சொன்னது சரிதான், அதுதான் இன்னும் எரிச்சல். "ஃபங்ஷனா எழுதிட்டா அது ஊர்ப்பேரக் கேட்டு வாங்கிக்கும் மேடம், அதெல்லாம் சேத்து நாங்க புதுசாவே ஒரு சாஃப்ட்வேர் பண்ணித் தர்றோம், நீங்க எதுவுமே அடிக்க வேண்டாம், ஒரு பட்டன்தான்" என்றார். ஒரு பட்டன். சரி, அந்தப் பட்டனை யார் அமுக்குவது, சென்னையிலிருந்து அமுக்குவார்களாம். புன்னையடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா. தெரிந்துகொள்வார், நல்ல பிள்ளை. ஆனாலும் என் பத்து வரி என் பத்து வரிதான். அதில் ஒரு கூட்டல்கூடத் தப்பில்லை. தப்பு ஊரில். ஊர் மாறவில்லை, அதுவும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை, மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன், மணி பத்து இருபத்தெட்டு, உள்ளங்கை வேர்த்து சாவிப்பலகை பிசுபிசுக்கிறது.

"மேடம், டீ." முத்துக்கனி. கெட்டிலோடு வாசலில் நிற்கிறாள், இடுப்பில் ஒரு கை, அவள் நிற்கிற நிலையில் யாரும் வேண்டாம் என்று சொல்லத் துணிய மாட்டார்கள். கிளாஸை நீட்டினேன், அடியில் காலையில் குடித்த டீ இரண்டு மடக்கு ஆடை கட்டிக் கிடந்தது. "மொதல்ல அதக் கொட்டிட்டுத் தாங்க. பழசு கெடந்தா நான் ஊத்த மாட்டேன்" என்றாள். அவசரத்தில், ஊத்து முத்துக்கனி, பரவாயில்ல என்றேன். "ஒங்களுக்குப் பரவாயில்ல. எந்த டீயக் குடிச்சியோன்னு ஒங்களுக்கே தெரியாது, பெறவு முத்துக்கனி டீ புளிக்குதும்பிய" என்று கிளாஸை என் கையிலிருந்து பிடுங்கி, சன்னலுக்கு வெளியே விசிறிக் கொட்டி, சூடாக ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். நான் அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆவி வந்தது. பழசு கிடந்தால் ஊற்ற மாட்டாள். பழசு கிடந்தது, அதனால்தானே. ஊரில் சங்குமுனை கிடந்தது. அது என் கையிலிருந்து வாங்காது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வைத்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது, எடுத்த பிறகு வைத்த இடத்தைக் காலி செய்வதில்லை, அவ்வளவுதான் அதன் குற்றம். காலி செய்துவிட்டால். பத்து வரிக்குப் பிறகு பதினோராவதாக ஒரு வரி, ஊர் என்ற பெயரையே அழித்துவிடு. அழிக்க ஒரு கட்டளை உண்டு, மூன்றே எழுத்து, எனக்குத் தெரியும், வேறெதற்கோ எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். அடுத்த ஊருக்கு நான் பெயர் வைக்க மறந்தால் அங்கே சங்குமுனை இருக்காது, ஒன்றுமே இருக்காது, ஊர் என்று ஒரு பெயரே கிடையாது என்று கத்தும். கத்தட்டும். பதினேழு நாளாக நான் கேட்டதே அதைத்தானே. டீயைக் குடிக்க மறந்து பதினோரு வரியையும் அடித்து, புதிதாகப் பதிந்து, அலை என்று பெயர் வைத்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, பயத்தில் இல்லை, சின்ன வயதில் கணக்குக்கு விடை வந்துவிட்டால் அடித்துக்கொள்ளுமே, அப்படி.

விடை வந்துவிட்டால் சும்மா இருக்க முடியாது எனக்கு, அதையே குடைந்துகொண்டிருப்பேன், என் வீட்டுக்காரருக்கு இந்தக் குணம்தான் ஆகாது, பூட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிறாயே என்பார். இழுத்துப் பார்த்தேன். எல்லாம் நல்லபடியாக ஓடினால் பதினோராவது வரி வரும், ஊர் அழியும். ஓடாவிட்டால். நடுவில், மூன்றாவது வரியில், காற்றுக் கோப்பு வந்து சேரவில்லை என்று அது நின்றுபோனால். வாரத்துக்கு ஒரு தடவையாவது அப்படி நிற்கிறதே. நின்றால் நின்ற இடத்தோடு சரி, அழிக்கிற வரிக்குப் போகவே போகாது. ஊர் அப்படியே கிடக்கும். சங்குமுனை அப்படியே கிடக்கும். நான் கோப்பை வரவழைக்கப் பத்து இடத்துக்குப் போன் பண்ணி, வந்ததும் அந்தச் சந்தோஷத்தில் எந்த ஊரில் விட்டோம் என்று மறந்து அலை என்று அடிப்பேன், அடிப்பேனா, கட்டாயம் அடிப்பேன், என்னை எனக்குத் தெரியாதா. யாரோட கடலத் தந்திய. மணி பத்து நாற்பத்தொன்று. தபால் பிரிவின் பசை வாடை இங்கேயே அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன், குடித்துவிட்டு வெறும் கிளாஸைப் பார்த்தேன், முத்துக்கனி எப்போது கொட்டினாள், ஊற்றுவதற்கு முன்னால் கொட்டினாள். குடித்து முடித்து நான் கழுவி வைப்பேன் என்று அவள் நம்பியிருந்தால் இந்த ஜென்மத்தில் நல்ல டீ குடித்திருக்க மாட்டேன். வந்ததும் கையிலிருந்து பிடுங்கினாள், முதல் வேலையாகக் கொட்டினாள். முதல் வேலையாக. செலஸ்டீனா, அட மண்டு செலஸ்டீனா, அழிப்பதைக் கடைசியில் ஏன் வைத்தாய். முதல் வரியிலேயே ஊரை எடுத்து இன்னொரு பெயரில் வைத்துக்கொள், இன்றைய_ஊர் என்று வைத்துக்கொள். இரண்டாவது வரியிலேயே ஊரை அழித்துவிடு. வேலையெல்லாம் அந்தப் புதுப் பெயரை வைத்து, அதற்குப் பிறகு. நடுவில் நின்றால் நிற்கட்டும், உடைந்தால் உடையட்டும், ஊர் ஏற்கெனவே காலி. இன்றைய_ஊரில் பழசு கிடக்குமே என்றால் கிடக்கட்டும், முதல் வரி ஊரைப் பார்க்காமல் அந்தப் பக்கம் நகரவே முடியாது, ஊர் இல்லையென்றால் முதல் அடியிலேயே நின்றுவிடும். இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன். பூட்டு நகரவில்லை. கடைசி வரியிலும் கை வைத்தேன், எண்களுக்கு மேலே ஊர்ப்பெயரையும் அதுவே காட்டட்டும், என் வாய் அதைப் பார்த்துப் படிக்கட்டும், என் வாயை நம்பினது போதும்.

மொத்தம் பன்னிரண்டு வரி. பதிந்தேன். ஊர் = "சங்குமுனை". அலை. சங்குமுனை என்று தலைப்பு வந்தது, கீழே எண்கள் வந்தன, சாது. இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊரை வைக்காமல், வேண்டுமென்றே, அலை என்று மட்டும் அடித்தேன். சிவப்பு. சன்னல் கொள்ளாத சிவப்பு, ஊர் என்ற பெயரே எனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் கொட்டை கொட்டையாக. இந்த அறையில் சிவப்பெழுத்தைப் பார்த்து நான் அழுத நாளெல்லாம் உண்டு, இன்றைக்குக் கையைத் தட்டினேன். மறுபடி அடித்தேன், மறுபடி சிவப்பு. காற்றுக் கோப்பை வேண்டுமென்றே வேறிடத்துக்கு மாற்றி வைத்துவிட்டு, ஊரையும் வைத்து ஓட்டினேன், நடுவில் நின்றது, கோப்பைத் திரும்பக் கொண்டுவந்து அலை என்று அடித்தேன், சிவப்பு. அது கேட்கிறது. எந்த ஊர் என்று கேட்கிறது. அதன் வழியில், முகத்தில் அறைந்தாற்போல், ஆனால் கேட்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, தனியாக உட்கார்ந்து சிரித்தேன், பக்கத்து அறை கிளார்க் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். முந்தானையால் சாவிப்பலகையைத் துடைத்தேன், நெற்றியைத் துடைத்தேன், கிளாஸைக்கூடத் துடைத்து வைத்தேன்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதே வேதநாயகம் சார் வந்தார். பின்னால் நிரஞ்சன். அதற்குப் பின்னால், நான் எதிர்பார்க்கவே இல்லை, கழுத்திலிருந்து தொங்கும் கட்டோடு சூசை. "புன்னையடிக்காரங்க சார்பில வரச் சொன்னேன். அவருக்கும் திருப்தியாகணும்ல" என்றார் சார். சூசை அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு என்று ஊராக வைத்து ஓட்டிக்கொண்டே போனேன், பத்தாவது சங்குமுனை, ஒன்று புள்ளி ஒன்று. சார் கையைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் சரியாத்தான் வருது. அன்னைக்கும் பத்து ஊர் சரியாத்தானே வந்தது" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் சூசை ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "யக்கா, அன்னைக்கு செஞ்ச தப்ப இப்ப செய்ங்க" என்றார். நிரஞ்சனின் புருவம் ஏறத் தொடங்கியது. நான் ஊரை வைக்கவில்லை. அலை என்று அடித்தேன், அடித்துவிட்டுச் சூசையின் முகத்தைத்தான் பார்த்தேன், திரையைப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை, அந்தச் சிவப்பு அவர் கண்ணிலேயே தெரிந்தது. "என்ன சொல்லுது" என்றார். "எந்த ஊருன்னு சொல்லாம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றேன். "பழைய ஊர எடுத்துக்கிடாதா." "பழசு இருந்தாத்தானே எடுக்கும். எடுத்த ஒடனே கொட்டிரும்." சார் குனிந்து திரையைப் படித்தார், நிமிர்ந்தார், நிரஞ்சனைப் பார்த்தார். நிரஞ்சன் என் பன்னிரண்டு வரியை மேலிருந்து கீழே படித்தார், முதல் இரண்டு வரிக்கு மறுபடி போனார், நடுவுல ஃபெயில் ஆனா என்று ஆரம்பித்துத் தானே நிறுத்திக்கொண்டார். புருவம் இறங்கிவிட்டது. "மேடம், இந்த ரெண்டு வரிய ஒரு போட்டோ எடுத்துக்கலாமா" என்றார். எடுத்துக்கோங்க தம்பி என்றேன், எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். சார் சட்டைப் பையிலிருந்து தபால் பிரிவுக்கான மாற்றல் தாளை எடுத்து, நாலாக மடித்து, மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டு, "மீதியையும் முடிங்க, பதினொண்ணரை ஆகப்போகுது" என்றார்.

ஊர் = "புன்னையடி" என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அலை. புன்னையடி என்று தலைப்பு வந்தது. சூசை அதை வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். கீழே எண்கள், இரண்டு புள்ளி ஆறு, காற்று தென்மேற்கு. ஒலிப்பதிவுக் கருவியை இழுத்து, திரையில் இருந்த தலைப்பைப் பார்த்துப் படித்தே பேசினேன், புன்னையடி மக்களுக்கு, இன்று மாலை அலை இரண்டு புள்ளி ஆறு மீட்டர், யாரும் கடலுக்குப் போக வேண்டாம். கருவியின் பதிவு விளக்கு அணைந்ததும் சூசை இடது கையால் தட்டுத்தடுமாறிப் போனை எடுத்து ஊருக்குப் பேசினார். "ஏலே, படகெல்லாம் மேல ஏத்துங்கல. இல்லல, கோயில்ல போடதுக்கு முந்தியே சொல்லுதேன், நான் இங்கனதான இருக்கேன். நம்ம கடலப் பாத்துத்தாம்ல அக்கா சொல்லிருக்காவ."